பெயரை மட்டும் எடுத்தேன்

“எங்க ஊருக்கு இவ்வளவு எதுக்கு மேடம்? வாசல்ல யாரு செருப்பு கிடக்குன்னு பாத்தாலே போதுமே.”

கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கான ஒருநாள் பயிற்சி அது. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய வகுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். தலைப்பு, நோயாளிகளின் தகவல் பாதுகாப்பு. நான் வழக்கமாகச் சொல்லும் கவர்னர் கதையைச் சொல்லி முடித்திருந்தேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1990களின் நடுவில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர், முகவரி எல்லாம் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். யாருடைய பதிவையும் கண்டுபிடிக்க முடியாது என்று கவர்னர் வில்லியம் வெல்டே உறுதி சொன்னார். அப்போது எம்ஐடியில் மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். கவர்னரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒரே ஒருவர். மருத்துவமனைப் பதிவுகளிலும் இந்த மூன்று விவரங்கள் இருந்ததால், கவர்னரின் மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றும் இருந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிடலாம் என்று ஸ்வீனி பின்னர் கணக்கிட்டார்.

இந்த இடத்தில் கூடம் ஒரு நிமிடம் அமைதியாகும்; பிறகு பின்வரிசையில் யாராவது உச்சுக்கொட்டுவார்கள். அன்று உச்சுக்கொட்டலுக்குப் பதிலாகச் செருப்பு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தச் செருப்பைவிடத் துல்லியமான ஓர் அடையாளத்தை நானே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஓர் ஊருக்கு விநியோகம் செய்திருக்கிறேன். அதை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. கவர்னர் கதை எனக்கு வசதி. அவர் தூரத்தில் இருக்கிறார், பெரிய மனிதர், தப்பு செய்தது வேறு ஏதோ ஓர் அலுவலகம்.

2011 என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்மாவட்டம் ஒன்றில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. காசநோய்ச் சிகிச்சையை நடுவில் நிறுத்தியவர்களைத் தேடிப்போய் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கும் ஆய்வு. அப்போதெல்லாம் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். நோயாளிக்கென்று பெயர் எழுதிய ஒரு பெட்டி இருக்கும். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போய், நர்ஸ் கண்ணெதிரே விழுங்கிவிட்டு வர வேண்டும். ஆறு மாதம் ஆகும் முடிய.

காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது சென்னைதான். 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு அது. சானடோரியத்தில் படுத்துக் கிடப்பவருக்கும் குடிசையிலிருந்து வந்துபோகிறவருக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1959ல் முடிவுகள் வெளியாயின. ஏழை நாடுகளுக்கெல்லாம் அது பெரிய விடுதலை. எனக்கு அதன் இன்னொரு பக்கமும் தோன்றும். தாம்பரம் சானடோரியத்துக்குப் போனவர் ஊரின் கண்ணிலிருந்து மறைந்தார். சிகிச்சை தெருவுக்கு வந்ததும், வாரத்துக்கு மூன்று நாள் ஊரே சாட்சி.

நான் சந்தித்தவர்களில் ஒருவர் அங்கன்வாடியில் உதவியாளர். முப்பதை நெருங்கிய வயது, ஒரு பெண் குழந்தை. முதல் தடவை போனபோது பேசவில்லை. இரண்டாம் தடவை, மதியம் குழந்தைகள் எல்லாம் தூங்கிய பிறகு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, “அக்கா, இதெல்லாம் வெளிய போவாதுல்லா?” என்று கேட்டார். போகாது என்றேன். கையில் ஒப்புதல் படிவம் இருந்தது. ‘தங்கள் அடையாளம் எவ்விதத்திலும் வெளிப்படுத்தப்படமாட்டாது’ என்று நானே ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த வாக்கியத்தை வாசித்துக் காட்டினேன். தெரு நாடகத்தில் ராஜா பேசுகிற மாதிரி இருந்ததோ என்னவோ, அவருக்குச் சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போட்டார். அவர் நம்பியது படிவத்தை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை என்று இன்று தோன்றுகிறது.

பிறகு சொன்னார். தங்கைக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் குடியிருப்பது துணைச் சுகாதார நிலையம் இருக்கிற அதே தெருவில். வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் படியேறினால் யாராவது பார்ப்பார்கள், அக்காவுக்கு இந்தச் சீக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்கும் என்பார்கள். கல்யாணம் முடியட்டும் என்று இரண்டாம் மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று வாரம். தாலி கட்டி முடிந்து மறுவீடும் போய்வந்த பிறகு மறுபடி தொடங்கி, முழுச் சிகிச்சையையும் முடித்தார். சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. நான் போனபோது அவர் நோயாளியே இல்லை.

எக்செல் தாளில் அவர் வரிசை எண் 43.

பெயர் இருந்த கட்டத்தை முழுதாக நீக்கினேன். கணவர் பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாம் போயின. மிச்சம் இருந்தவை: ஊர், வயது, பாலினம், தொழில், குழந்தைகள் எண்ணிக்கை, சிகிச்சை தொடங்கிய மாதம், நிறுத்திய காரணம். காரணத்தை அவரவர் வாய்மொழியிலேயே போட்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மக்களின் குரல் என்று அதற்கு ஒரு துணைத்தலைப்புகூடக் கொடுத்திருந்தேன்.

ஆய்வு முடிவுகளை மக்களிடமே திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஊராட்சி ஒன்றியக் கூட்ட அறையில், மகளிர் குழுத் தலைவிகள், வார்டு உறுப்பினர்கள், நர்சுகள் என்று நாற்பது பேருக்கு அறிக்கையின் பிரதியைக் கொடுத்தோம். பின்னிணைப்பில் முழு அட்டவணையும் இருந்தது. எல்லோரும் என்ன செய்வார்கள்? முதலில் தங்கள் ஊர் எங்கே என்று தேடுவார்கள். நான் புள்ளிவிவரப் படங்களை விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த ஊர்க் குழுத் தலைவி பக்கத்தில் இருந்தவரிடம், “ஏட்டி, இது நம்ம ஆயால்லா?” என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தெரிந்த முகத்தைப் போட்டோவில் பார்த்தால் வருமே, அந்த உற்சாகம்.

எனக்கு அது கேட்டது. என் காதில் விழுந்தது என்பதைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. தேநீர் இடைவேளையில் பிரதிகளைத் திரும்ப வாங்கியிருக்கலாம். நாற்பது பேர்தானே. ‘அச்சுப் பிழை இருக்கிறது, கொடுங்கள்’ என்று ஒரு பொய் சொன்னால் போதும். கலெக்டர் அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் முன்னால் அசிங்கமாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த படத்துக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஊர் நர்ஸ் போன் செய்தார். சில தாய்மார்கள் பிள்ளைகளை அங்கன்வாடிக்கு அனுப்புவதில்லை. அனுப்புகிறவர்களும் சாப்பாடு வேண்டாம், முட்டை மட்டும் போதும் என்கிறார்கள், ஓட்டோடு வருவதால். தங்கை வீட்டிலும் பேச்சு கிளம்பிவிட்டது. நோய் இருந்ததைவிட, மறைத்துக் கல்யாணம் முடித்தார்கள் என்பதுதான் பெரிய குற்றமாகிவிட்டது. மறைத்தது என்பதற்கு ஆதாரம்? அவர் வாய்மொழியிலேயே நான் அச்சடித்துக் கொடுத்த வாக்கியம்.

நேரில் போனேன். உள்ளே கூப்பிடவில்லை, திண்ணையில்தான் உட்கார்ந்தேன். எங்கேயும் உங்கள் பெயரைப் போடவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை.

“என்னைய யாரு மேடம் பேரு சொல்லிக் கூப்புடுதா? ஆயான்னுதான கூப்புடுதாவ. நீங்களும் அதத்தான எழுதியிருக்கிய.”

அக்கா மேடம் ஆகியிருந்தது.

அந்தப் பதிலை யோசிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. நம் ஊர்களில் பெயர் என்பது ரேஷன் கார்டுக்கும் பத்திரத்துக்கும் ஆனது. புழக்கத்தில் இருப்பது வேறு. டெய்லர் வீட்டு மூத்த மருமகள், மேலத்தெரு நொண்டிக்கடைக்காரர், ரெட்டைப்பிள்ளைக்காரி, சிங்கப்பூர்க்காரர் சம்சாரம். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களும், பட்டப்பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்களும் இருக்கிற இடத்தில், ஒருவரின் தொழில், தெரு, பிள்ளைகள், உறவு இவையே அவருடைய பெயர். நான் யாருமே பயன்படுத்தாத ஒரு கட்டத்தை நீக்கிவிட்டு, ஊர் பயன்படுத்தும் பெயரை அப்படியே விட்டுவைத்திருந்தேன். அதற்கு அநாமதேயம் என்று பெயரும் கொடுத்திருந்தேன்.

ஆய்வாளர்கள் இத்தகைய விவரங்களை மறைமுக அடையாளங்கள் என்பார்கள். ஸ்வீனி 2002ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு ஓர் அளவுகோல் தந்தது. ஒரு பட்டியலில் ஒருவரைப் போலவே அச்சாக இருக்கிற வரிசைகள் குறைந்தது எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது. ஐந்து பேர் ஒரே மாதிரி இருந்தால் அவர் ஐந்தில் ஒருவர். ஐம்பது இருந்தால் ஐம்பதில் ஒருவர். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயரை எடுத்திருந்தால் வரிசை எண் 43 அந்தப் பெரிய கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருப்பார். ஊரைச் சேர்த்ததும் கூட்டம் ஒரே ஆளாகச் சுருங்கிவிட்டது. ஓர் ஊருக்கு ஓர் ஆயாதானே. இதை எண்ணிப் பார்க்க கம்ப்யூட்டர் வேண்டாம், விரல் போதும். நான் எண்ணவில்லை.

ஊரையும் தொழிலையும் காரணத்தையும் நீக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். நீக்கியிருந்தால் அறிக்கையில் ஒரு பயனும் இருந்திருக்காது. ‘சமூகக் காரணங்களால் நிறுத்தினார்’ என்று எழுதினால் எந்த டாக்டரும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார். அவர் சொன்ன அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் வட்டார மருத்துவ அலுவலர், விரும்புகிறவர்கள் பக்கத்து ஊர் நிலையத்தில் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்று வாய்மொழியாக ஏற்பாடு செய்தார். எங்கள் அறிக்கையால் நடந்த ஒரே உருப்படியான காரியம் அது. பலருக்கு உதவியிருக்கும். இதைச் சொல்லி என்னை நான் சமாதானப்படுத்திக்கொண்ட இரவுகளும் உண்டு. அந்த டாக்டருக்கு மட்டும் காட்டியிருந்தால் போதாதா என்ற கேள்வி காலையில் வரும்.

பணம் கொடுத்த அமைப்புக்கான இறுதி அறிக்கையில் ஒரு கேள்வி இருந்தது: ஆய்வில் பங்கேற்றவர்களுக்குப் பாதிப்பு ஏதும் நேர்ந்ததா? ‘இல்லை’ என்று எழுதினேன். மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். “பேரு இல்லையேம்மா, நம்ம மேல தப்பு இல்ல” என்றார். எனக்கும் அந்த வாக்கியம்தான் தேவைப்பட்டது. இரண்டாம் பதிப்பில் பின்னிணைப்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டோம்.

அதன்பின் நான் படிப்படியாக இந்தத் துறையின் நிபுணர் ஆனேன் என்பதுதான் வேடிக்கை. குற்ற உணர்ச்சியில் படிக்க ஆரம்பித்தது, பிறகு பிழைப்பாகிவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது அலுவலகத்தில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தீர்ப்புக்கு முந்தைய மைல்கற்களில் ஒன்று நம்மூர் வழக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றி நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில்தான், 1994ல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தன்போக்கில் விட்டுவிடச் சொல்லும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்றது. இதெல்லாம் சொல்லும்போது குரல் ஏறும் எனக்கு.

2018ல் அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவைக் கொடுத்தது. அதில் உடல்நலம், சாதி போன்றவை உணர்திறன் மிக்க தகவல்கள் என்று தனியாக வகைப்படுத்தப்பட்டிருந்தன. கூடுதல் காவல் உண்டு. அடையாளம் நீக்கிய தகவலிலிருந்து அனுமதியின்றி ஆளைத் தெரிந்தே கண்டுபிடிப்பது குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இந்தப் பிரிவை மனமார வரவேற்கிறேன் என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அனுப்பிய அன்று ராத்திரி சோறு பிசையும்போது உறைத்தது. ஆளைக் கண்டுபிடித்தவர் யார்? அந்தக் குழுத் தலைவி. ‘ஏட்டி’ என்று சொன்ன வாயோடு, பிறகு அதே ஆயாவின் வீட்டுக்குப் போய் அழுது மன்னிப்புக் கேட்டவர். நான் கேட்ட சட்டம் அவர் பக்கம்தான் விரல் நீட்டியிருக்கும். பெயரை முறைப்படி நீக்கிய நான் நல்லவளாக வெளியே நின்றிருப்பேன்.

அந்த வரைவு 2019ல் மசோதாவாகி, 2022ல் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் நிறைவேறியது மெலிந்த இன்னொரு சட்டம். உணர்திறன் மிக்க தகவல் என்ற வகையே அதில் இல்லை. பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் வேண்டியதில் பெறலாம். என் மாதிரி மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றை எழுதாதிருக்க வேண்டும். ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு இருக்கிறது. நிபந்தனை, அந்தத் தகவலை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. தேவையான அளவு தகவல், நியாயமான பாதுகாப்பு என்று அரசு வகுக்கும் தரங்களையும் பின்பற்ற வேண்டும். அந்தத் தரங்கள் 2025 நவம்பரில் வந்த விதிகளில் இருக்கின்றன. என் பழைய ஆய்வை இந்தப் பிரிவுக்குள் வைத்துப் பார்த்தேன். நான் அவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கவில்லை. எடுத்தது ஊர். பிள்ளைகளை அனுப்புவதா, சம்பந்தி வீட்டில் பேசுவதா என்றெல்லாம்.

எங்கோ இருக்கிற பெரிய கம்பெனி நம் தகவலை என்ன செய்யும் என்று சட்டம் கவலைப்படுகிறது. படவேண்டியதுதான். ஆனால் வரிசை எண் 43ஐ அமெரிக்காவில் இருக்கிற எந்தக் கம்பெனியாலும் அன்று கண்டுபிடித்திருக்க முடியாது, கண்டுபிடித்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அவரை அடையாளம் காண முடிந்தவர்களும், கண்டால் அவரைக் காயப்படுத்த முடிந்தவர்களும் ஒரே ஆட்கள். கொரோனா நாட்களில் வீட்டுக் கதவில் ஒட்டிய தனிமைப்படுத்தல் நோட்டீஸ்களை நினைத்துப் பாருங்கள். உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 டிசம்பர் ஆனது. அதற்குள் பால்காரரிலிருந்து எல்லோரும் படித்து முடித்துவிட்டார்கள்.

இடையில் ஒருமுறை மட்டும் இந்த வேலை எனக்குச் சந்தோஷம் தந்தது. அது ஒரு நாணயத்தால். ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் 1965ல் எழுதிய யோசனையின் எளிய வடிவம் அது. கூச்சமான கேள்வி கேட்கும்முன் பதில் சொல்பவரை, நாம் பார்க்காமல், நாணயம் சுண்டச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆமாம்’ சொல்ல வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். நூறு பேரில் ஏறக்குறைய ஐம்பது பேர் பூவுக்காகவே ‘ஆமாம்’ என்பார்கள். மொத்தம் அறுபது ‘ஆமாம்’ வந்தால், உண்மை சொன்ன ஐம்பது பேரில் பத்துப் பேர், அதாவது ஐந்தில் ஒருவர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எந்த ‘ஆமாம்’ யாருடைய உண்மை என்று கேட்டவருக்கே தெரியாது.

மாத்திரையை மறைத்துச் சாப்பிட்டதுண்டா என்ற கேள்விக்கு இதைச் செய்து பார்த்தோம். ஒரு பாட்டி ஒரு ரூபாய்க் காசை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் சொல்லுதது நெசமா, காசு சொல்லுததான்னு ஒனக்கே தெரியாதா?”

“தெரியாது பாட்டி.”

“எழுதி வச்சுக்கிட்டுப் பொறவு கண்டுபிடிக்க முடியாதா?”

“முடியாது.”

“அப்பஞ் சரி” என்றவர் காசைச் சுண்டினார்.

எத்தனையோ ஒப்புதல் படிவங்களில் நான் வாங்காத ஒப்புதல் அது. 2006ல் சிந்தியா டுவர்க்கும் சக ஆய்வாளர்களும் இந்தக் காசு விளையாட்டின் தத்துவத்தைக் கறாரான கணிதமாக வளர்த்தெடுத்தார்கள். 2020ன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகளில் அந்த முறையைப் பயன்படுத்தி, வேண்டுமென்றே சிறு பிழைகளைக் கலந்தே வெளியிட்டார்கள். சிறிய ஊர்களின் எண்ணிக்கை தாறுமாறாகிறது என்று அங்கே ஆய்வாளர்கள் சண்டை போட்டார்கள். நியாயம்தான். பெரிய கூட்டத்தில் கலந்த பிழை தெரியாது. இருநூறு பேர் உள்ள குக்கிராமத்தில் பிழையே கணக்கை விழுங்கிவிடும். யாருக்கு மறைவு அதிகம் வேண்டுமோ, அவர்களின் குரல்தான் முதலில் தேய்ந்துபோகும். இதற்கு நல்ல பதில் எதையும் நான் படித்ததில்லை.

இப்போது மாத்திரைக்காக அந்த நிலையத்தின் படியேற வேண்டியதில்லை. மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே மறைந்திருக்கும் எண் தெரிகிற ஓர் ஏற்பாடு வந்தது. அந்த எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைத்தால் அன்று மாத்திரை எடுத்ததாகப் பதிவாகும். வரிசை எண் 43க்கு அது இருந்திருந்தால் தங்கை கல்யாணத்தன்றுகூடச் சமையலறை மூலையில் நின்று விழுங்கியிருப்பார். 2018லிருந்து சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய், இப்போது 1,000 ரூபாய், வங்கிக் கணக்குக்கே வருகிறது. இதெல்லாம் நல்லதே. எனக்கு வருகிற சந்தேகம் சின்னது. அந்தப் போன் யாருடையது? வீட்டில் ஒரு போன்தான், அது கணவர் சட்டைப்பையில் இருக்கிறது என்றால், பணம் வந்த குறுஞ்செய்தியை முதலில் படிப்பவர் யார்?

போன வருடம் என்னோடு வேலை செய்கிற இளைஞர் ஒருவர், முப்பது நேர்காணல்களை ஒரே மத்தியானத்தில் மொழிபெயர்த்துச் சுருக்கிக் கொண்டுவந்து நீட்டினார். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டாராம். “பேரெல்லாம் எடுத்துட்டுத்தான் போட்டேன் மேடம்” என்றார். கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. பெரிய மொழி மாதிரிகள், ஒருவர் சாதாரணமாக எழுதியதை வைத்தே அவர் ஊர், வயது, தொழிலை ஊகித்துவிடுகின்றன என்று 2023ல் சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அதற்கு இயந்திரம்கூட வேண்டாம். ‘வாரேன்’ என்கிறாரா ‘வர்றேன்’ என்கிறாரா என்பதை வைத்து மாவட்டம் சொல்லும் ஆட்கள் நம் டீக்கடைகளில் இருக்கிறார்கள். இன்னும் ரெண்டு வார்த்தை பேசவிட்டால் சாதியையும் சொல்வார்கள்.

அந்தப் பையன் தலை குனிந்து நின்றான். என் கோபம் அவன் மேல் மட்டும் இல்லை என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து வரிசை எண் 43ஐப் பற்றிச் சொன்னேன். காதில் விழுந்ததையும் சேர்த்து, முதல் தடவையாக. முழுதும் கேட்டுவிட்டு, “அவங்ககிட்ட நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா மேடம்?” என்றான். பெயர் போடவில்லை என்று சொன்னேன் என்று சொன்னேன். அது மன்னிப்பு இல்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது.

ஆயாவின் போன் எண்ணைத் தேடி எடுக்க நாலு நாள் ஆயிற்று. அவரிடம் பேசி, கேட்க வேண்டியதைக் கேட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. பிறகு, இதை ஒரு பத்திரிகையில் எழுதலாமா என்றும் கேட்டேன். “எம் மவகிட்ட கேட்டுக்கிடுங்க, அவதான் படிச்சவ” என்று போனைக் கொடுத்துவிட்டார். அன்று பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது.

“எந்த ஊருன்னு போடுவீங்களா?”

“மாட்டேன்.”

“மாவட்டம்?”

“போட மாட்டேன். வருஷத்தையும் கொஞ்சம் முன்னே பின்னே மாத்திடுறேன்.”

“ஆயான்னு?”

“ஊர் இல்லாம இருந்தா அது பரவாயில்ல. ஐம்பதாயிரம் பேர்ல ஒருத்தர்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அம்மா எதுக்கு நிறுத்துனாங்கன்னு எழுதுவீங்கள்ல? அதப் படிச்சா சித்தி வீட்டுல தெரிஞ்சிரும். வேற யாருக்கும் தெரியாட்டியும் அவங்களுக்குத் தெரியும்.”

கூட்டம் எத்தனை பெரியது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதைப் படிக்கப்போகிறவர் யார் என்று அவள் யோசித்தாள். என்ன செய்யட்டும் என்று அவளிடமே கேட்டேன்.

“அத மட்டும் மாத்தி எழுதுங்க. வேற ஏதாவது காரணம். அப்ப எழுதிக்கிடுங்க.”

மாற்றியிருக்கிறேன். தங்கை கல்யாணம் என்று நீங்கள் மேலே படித்தது அவர் சொன்ன காரணம் இல்லை. சித்தி என்று அந்தப் பெண் போனில் சொன்னதும் சித்தியை இல்லை. அவர் சொன்னதை நான் நாற்பது பிரதி எடுத்தது போதும்.

வைப்பதற்கு முன்னால் போன் மறுபடி அவர் கைக்குப் போனது.

“சாப்ட்டாச்சா மேடம்?” என்றார்.